கோயிலில் ஜெனரேட்டர் இல்லை

அந்தக் கோயிலில் ஜெனரேட்டர் எதுவும் கிடையாது. மலாக்கா பக்கம், மெர்லிமா ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில் அது. மின்கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் வருகிறது. ஆனாலும் இணையத்தில் ஒரு பின்லாந்துக்காரர் கேட்ட கேள்விக்கு, "கோயிலுக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டரின் சத்தத்தை நீக்குவதற்காக" என்று நான் பதில் எழுதினேன். ஜெனரேட்டர் என்று நான் எழுதியது காந்தனை. உறுமி மேளக் குழுவில் அடிப்பவன். இருபத்தெட்டு வயது. என்னை அண்ணே என்று கூப்பிடுபவன்.

என் பெயர் கோகுலராஜ். புக்கிட் காத்திலில் வீடு. கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவது பிழைப்பு; சுற்றொலி பதிவு செய்வது பைத்தியம். சுற்றொலி என்றால் ஒன்றும் மந்திரமில்லை. நான்கு காதுள்ள ஒரு மைக்கை நடுவில் நிறுத்திப் பதிவு செய்தால், பிறகு ஹெட்போனில் கேட்கும்போது முன்னால் அடித்தது முன்னாலும், முதுகுக்குப் பின்னால் அடித்தது முதுகுக்குப் பின்னாலும் கேட்கும். கண்ணை மூடினால் கோயில் வாசலில் நிற்பீர்கள், செருப்பைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றும்.

இதற்கு வேண்டிய ப்ளகின்கள், அதாவது கணினியில் ஒலியைத் திருத்தும் சின்னச் சின்ன மென்பொருள்கள், எல்லாம் எனக்கு இலவசமாகக் கிடைத்தவை. எங்கோ பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்திருக்கும் புண்ணியவான்கள் எழுதி, மூல நிரலையும் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று, பிறருக்கும் கொடு என்கிறார்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மாற்றினால், என்ன மாற்றினாய் என்று எழுதிவை. இந்த நிபந்தனையை நான் ஒருநாளும் மீறியதில்லை. திறந்த மூலம் என்றால் ஒளிவுமறைவு இல்லாதது என்று மண்டபத்தில் நாற்காலி அடுக்குபவரைக்கூட நிறுத்திவைத்துப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

இந்த ஆண்டு ஆடித் திருவிழாவில் பால்குடம் வந்து சேரும் நேரத்தைப் பதிவு செய்யப் போனேன். மைக்கை நடுவில் நட்டேன். குழுத் தலைவர் தனபாலன் எட்டுப் பேரையும் அதைச் சுற்றி வட்டமாக நிறுத்தினார். அவர் எதிரே, முன்பக்கம். அவர் உறுமிக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன மைக்கும் மாட்டினேன். நாகமுத்துவின் தவில் இடது பக்கம். அவருக்கும் பின்னால், இடதுபக்கப் பின்மூலையில், இரண்டாவது உறுமியோடு காந்தன்.

காந்தனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வேலை செய்த தொழிற்சாலையில் மெஷின் இழுத்துக்கொண்டது. கையே போய்விடும் என்றிருந்தபோது அவன் அம்மா ராமாத்தாள், கை பிழைத்தால் மகன் மூன்று வருஷம் உன் வாசலில் உறுமி அடிப்பான் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். கை பிழைத்தது. இரண்டு விரல் போனது போனதுதான். மீதி விரல்களால் வளைந்த குச்சியைப் பிடித்து உறுமியின் இடது தோலை இழுத்துத் தேய்க்க வேண்டும். பிடி நழுவும். நழுவினதைச் சரிசெய்துகொண்டு அவன் வருவதற்குள் தாளம் அரை அடி முன்னால் போயிருக்கும்.

மைக்கின் கம்பியை நான் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணே, இது மூணாவது வருசம். இதோட நேத்திக்கடன் முடிஞ்சிருது. அம்மாதான் வர முடியல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு போயிருச்சி, மலாக்கா ஆஸ்பத்திரில படுத்திருக்கு. நல்லா புடிச்சிக் குடுங்கண்ணே, அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்."

"கவலப்படாத லா. ஒங்கம்மா கோயில்லயே ஒக்காந்திருக்க மாதிரி இருக்கும், பாரு."

இப்படிச் சொன்னது இந்த வாய்தான்.

அடுத்த வாரம் ஒரு நல்ல செய்தி வந்தது. பினாங்கில் ஒரு ஒலி விழா; பதினாறு ஸ்பீக்கர் கட்டிய அறையில் தேர்ந்தெடுத்த பதிவுகளைப் போட்டுக் காட்டுவார்கள். நான் அனுப்பிய இரண்டு நிமிடத் துண்டு அவர்களுக்குப் பிடித்திருந்தது. முழுதாகப் பன்னிரண்டு நிமிடம் அனுப்பச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து கேட்டேன். இடதுபக்கப் பின்மூலையில், எல்லோரும் அடித்து முடித்த பிறகு, ஒரு உறுமி தாமதமாக முனகிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சுற்றிலும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு வேறெதுவும் காதில் விழவில்லை.

ஒரு ப்ளகின் இருக்கிறது. அதைத் திறந்தால் திரையில் ஒரு உருண்டை தெரியும். எந்தத் திசை வேண்டுமோ அதை வட்டமிட்டு, அங்கிருந்து வரும் ஒலியை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம். காந்தன் நின்ற இடத்தை வட்டமிட்டு இறக்கினேன். பக்கத்திலிருந்த நாகமுத்துவின் தவிலும் சேர்ந்து மெலிந்தது. வெட்டு போதிய கூர்மையாக இல்லை. எனவே மூல நிரலைத் திறந்து, இரண்டு மாலை உட்கார்ந்து, ஆறு வரிகளை மாற்றினேன். மறுபடி போட்டேன். தவில் கணீரென்று இருந்தது. காந்தன் இல்லை. அவன் நின்ற இடத்தில் பால்குடக்காரர்களின் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் கைதட்டினேன்.

நிபந்தனைப்படி ஆறு வரிகளையும் பொதுவில் போட்டு, என்ன மாற்றினேன் என்று விவரமாக எழுதினேன். முகம் தெரியாத நான்கைந்து பேர் நன்றி சொன்னார்கள். பின்லாந்துக்காரர் மட்டும், இவ்வளவு கூர்மையாக வெட்டும் தேவை எங்கே வந்தது என்று கேட்டார். நான் ஜெனரேட்டர் என்று எழுதினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

பன்னிரண்டு நிமிடத்தையும் பினாங்குக்கு அனுப்பினேன். அதோடு விட்டேனா? நான்கு காது மைக்கின் அசல் பதிவையும் அழித்தேன். லேப்டாப்பில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. யாராவது அதைக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனபாலன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் குழு கூடியது. ஒரே ஹெட்போனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். தனபாலன் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். தான் நின்ற இடத்தைக் கையால் காட்ட வேண்டும். நாகமுத்து இடதுபக்கம் கையை நீட்டிவிட்டு, "அடேய், நான் எங்க பக்கத்துலயே நிக்கிறேன் லா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

காந்தனின் முறை வந்தது. கண்ணை மூடினான். மற்றவர்கள் பத்து வினாடியில் காட்டிவிட்டார்கள். அவன் ஒரு நிமிடம் கேட்டான், இரண்டு நிமிடம் கேட்டான். தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்துத் தேடினான். "என்னடா, தூங்கிட்டியா?" என்றார் தனபாலன். காந்தன் கையைத் தூக்கி இடதுபக்கப் பின்மூலையைச் சரியாகக் காட்டினான். குழு கைதட்டியது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நல்லா இருக்குண்ணே" என்றான்.

காதில் கேட்டு அவன் காட்டவில்லை. அன்று நின்ற இடம் நினைவில் இருந்தது, அதைக் காட்டினான். எனக்கும் அவனுக்கும் மட்டும் அது தெரியும்.

நான் காரை எடுக்கும்போது பைக்கை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, மைக் எனக்குத் தூரமா இருந்துச்சா?"

இதுதான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மைக்கைக் கோணலாக்கினேன்.

"ஆமாடா. அந்தப் பக்கம் மைக் சரியா புடிக்கல போல. நீயும் கொஞ்சம் தள்ளி நின்னுட்ட."

"நான்தான் தள்ளி நின்னுட்டேன்," என்று அவன் தலையாட்டினான். "கையில வலுவும் இல்லண்ணே, சத்தம் எந்திரிக்க மாட்டேங்குது. அம்மா சனிக்கிழம வீட்டுக்கு வருது. அது கேக்கறதுக்குள்ள எதாச்சும் செய்ய முடியுமா? கொஞ்சமா கேட்டாகூடப் போதும்."

செய்கிறேன் என்று சொன்னேன். அசலை அழித்துவிட்டவன் எதை வைத்துச் செய்வது? தனபாலனின் உறுமியைத் தனியாகப் பிடித்த சின்ன மைக்கின் பதிவு மட்டும் மிச்சமிருந்தது. அதை ஒரு பிரதி எடுத்தேன். சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தினேன். இன்னொரு இலவசப் ப்ளகினால் அதைக் கொண்டுபோய் இடதுபக்கப் பின்மூலையில் நிறுத்தினேன். எதிரொலி சேர்த்தேன், தூரம் சேர்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. என் மனைவி அகல்யா ஹெட்போனை வாங்கிக் கேட்டாள்.

"அந்தத் தம்பிதானா இது? நல்லாத்தானே அடிக்கிறாரு. அப்புறம் ஏன் ஒரு வாரமா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?"

ஹெட்போனைத் திரும்ப வாங்கி வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அதையும் தாண்டி, இரண்டு நாளாகச் சோற்றைக்கூட உள்ளே விடவில்லை.

சனிக்கிழமை மதியம் மெர்லிமாவுக்குப் போனேன். தாமான் வீடு, வரிசையாகக் கட்டிய குடியிருப்பு வீடுகளில் ஒன்று. ஹாலில் இரும்புக் கட்டில் போட்டு ராமாத்தாள் அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

"வாங்க தம்பி. நீங்கதான் கோயில அப்படியே புடிச்சிட்டு வந்தவரா? காந்தா, தம்பிக்கு மைலோ கலக்கு."

ஹெட்போனை அவர் தலையில் நான்தான் மாட்டினேன். கொண்டையில் இடித்தது, தள்ளி மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். அவர் கையைக் குவித்துக் கும்பிட்டார். கண்ணை மூடினார். மணிச் சத்தம் வரும் இடத்தில் உதடு அசைந்தது. பால்குடம் நெருங்கும் இடத்தில் கண்ணோரம் நனைந்தது. காந்தன் மைலோ கோப்பையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நிமிடமும் கேட்டார். ஹெட்போனை அவரே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"முன்னால அடிக்கிறது தனபாலன். பக்கத்துல நாகமுத்து." விரலை மடக்கினார். "பின்னால அடிக்கிறதும் தனபாலன்தான். அது எப்புடி தம்பி? ஒரே ஆளு ரெண்டு எடத்துல நின்னானா?"

"அது நான்தாம்மா," என்றான் காந்தன் அவசரமாக. "மைக்குல கேட்டா அப்படித்தான் இருக்கும்."

"போடா. மூணு வருசமா இந்தக் கூடத்துல அடிச்சிப் பழகுன. நான் சோறாக்கிக்கிட்டு கேட்டவ. ஒன் குச்சி நழுவும், நீ ஒரு இழுப்பு இழுத்துட்டுதான் வருவ. இதுல ஒரு எடத்துலயும் நழுவல. இது கை நல்லா இருக்கறவன் அடி."

அந்த நிமிடம் எனக்கு மேசைக்கடியில் நுழைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. காந்தன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் தள்ளி நின்னுட்டேம்மா, மைக்குல விழல. அண்ணன் பாவம், எதோ சரி பண்ணிக் குடுத்திருக்காரு" என்றான். எனக்காக அவன் பொய் சொல்கிறான் என்பதல்ல. அதை அவன் உண்மை என்று நம்பினான். அதுதான் தாங்கவில்லை.

"அவன் தள்ளி நிக்கலம்மா," என்றேன். "மைக்குல நல்லாவே விழுந்துச்சி. நான்தான் எடுத்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை, வட்டம், ஆறு வரி, பினாங்கு, அசலை அழித்தது, தனபாலனின் பிரதி. ஜெனரேட்டரையும் சொன்னேன். அதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

காந்தன் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"மைக்குன்னு சொன்னீங்களே அண்ணே. ஒரு வாரமா நான் அன்னிக்கி எங்க நின்னேன், எப்படி நின்னேன்னே நெனச்சிக்கிட்டு கெடக்கேன். இனிமே எனக்கு வேணாம், கையில சத்தம் இல்லன்னு தனபாலண்ணங்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்." நிறுத்தினான். "ஜெனரேட்டரா?"

எழுந்து வெளியே போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போய்த் தேய்ந்தது.

ராமாத்தாள் அம்மா மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாமி முன்னால அவன் அடிச்சப்ப, சத்தம் கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சும்மா. கடைசிவரைக்கும் அடிச்சான்."

"அப்ப நேத்தி முடிஞ்சிருச்சி," என்று பெருமூச்சு விட்டார். "நான் பயந்துட்டேன். நீங்க ஏன் தம்பி எடுத்தீங்க?"

"எனக்கு அது தப்பா கேட்டுச்சும்மா. லேட்டா வந்துச்சி."

"லேட்டாத்தான் வரும். வெரலு ரெண்டு இல்லியே." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். "மைலோ ஆறிப்போவுது, குடிங்க."

குடித்தேன். அதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பினாங்குக்கு எழுதி, பதிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தனபாலனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் மலாயிலும் தமிழிலுமாகத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கடைசியாக அந்த ஆறு வரிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். இன்னும் மூன்று பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். பின்லாந்துக்காரருக்குக் கொடுத்த பதிலுக்குக் கீழே எழுதினேன்: "மேலே சொன்னது பொய். கோயிலில் ஜெனரேட்டர் இல்லை. நான் நீக்கியது காந்தன் என்ற ஒருவருடைய உறுமியை. அது அவர் அம்மாவின் நேர்த்திக்கடன். அசல் பதிவை நானே அழித்துவிட்டேன்." என்ன மாற்றினாய் என்பதை முழுதாக எழுதியது அதுவே முதல் தடவை. இந்தத் தடவை கட்டைவிரல் படம் வரவில்லை.

காந்தனுக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். குரலில் கோபம் குறையவில்லை.

"அடுத்த வருசம் ஆடிக்கு ஃப்ரீயா வச்சிக்கங்க."

"டேய் காந்தா, ஒனக்குத்தான் நேத்தி முடிஞ்சிருச்சே?"

"என் நேத்தி முடிஞ்சிருச்சி. அம்மா புதுசா ஒண்ணு வேண்டிக்கிச்சி. ஒங்களுக்கு."

"எனக்கா?"

"நல்லா அடிக்கறது தப்பா கேக்குதுன்னு சொன்னீங்களாமே. பாவம், சின்ன வயசு, பொண்டாட்டி இருக்குன்னு ஒரே பொலம்பல். அந்தத் தம்பி காது நல்லாகணும், என் மவன் நாலாவது வருசமும் அடிப்பான்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்துருச்சி. வாக்கரப் புடிச்சிக்கிட்டு கோயிலு வரைக்கும் நடந்து போயி. நான் மாட்டேன்னா முடியுமா? தனபாலண்ணங்கிட்ட மறுபடி சேந்துட்டேன்."

ராமாத்தாள் அம்மா இதைக் கேலியாகச் செய்யவில்லை. அவரைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். கையில் வயரோடு மண்டபத்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் என்ன செய்யணும் காந்தா? மைக்க..."

"மைக் கொண்டாற வேணாமாம். எனக்குப் பக்கத்துல வந்து நிக்கணுமாம். காது மட்டும் போதும்னுச்சி."